ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங் 700!

நாடக மேடையில் கார்ட்லெஸ் மைக் ஏன் கரகரக்குது? பதில் ஸ்பெக்ட்ரம் ஏலத்துல இருக்கு பாஸ்!

நத்தம் பக்கமோ, வேடசந்தூர் பக்கமோ ஒரு கிராமம். அம்மன் கோயில் திருவிழா. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்ச 'வள்ளி திருமணம்' விடிய விடிய ஓடும். பபூன் வந்து கலகலக்க வெச்சுட்டுப் போயாச்சு. இப்போ நாரதரும் வள்ளியும் தர்க்கத்துல மோதிக்கிற கட்டம். நாரதர் கையில் கார்ட்லெஸ் மைக். மூச்சைப் பிடிச்சு மேல் ஸ்தாயிக்குப் போறார்... 'கர்ர்ர்ர்ர்!'

"ஏய் மைக்செட்டு!"னு கூட்டம் கத்துது. மைக்செட் அண்ணன் ஓடிப் போய் பேட்டரியை மாத்தறார். மறுபடியும் 'கர்ர்ர்'!

பேட்டரியைத் திட்டாதீங்க. உங்க சட்டைப் பையில் இருக்கிற செல்போனைக் கொஞ்சம் சந்தேகப்படுங்க!

காத்துல ஒரு புறம்போக்கு

கார்ட்லெஸ் மைக் என்பது ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன். கொடைக்கானல் மலை மேலேர்ந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் கோடை பண்பலை வருதே, சாதாரண கார்ட்லெஸ் மைக்கும் அதே எஃப்.எம். டெக்னிக்தான். என்ன, கோடை பண்பலைக்கு கிலோவாட் கணக்கில் பவர். நம்ம மைக்குக்கு வெறும் 10 முதல் 50 மில்லிவாட். யானைக்கும் எறும்புக்கும் உள்ள வித்தியாசம்!

இந்த எறும்பு குடியிருக்கிற இடம் பெரும்பாலும் யு.ஹெச்.எஃப். டி.வி. அலைவரிசை. அதாவது 470 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 800-ஐத் தொடுகிற ஏரியா. டி.வி. டவர்கள் ஒண்ணோட ஒண்ணு மோதக் கூடாதுனு, ஒரே ஊரில் எல்லா சேனலையும் பயன்படுத்த மாட்டாங்க. நடுவில் நிறைய காலி மனை கிடக்கும். அந்தக் காலி மனையில் குடிசை போட்டு உட்கார்ந்ததுதான் கார்ட்லெஸ் மைக். புறம்போக்கு நிலம் மாதிரி! நம்ம ஊரில் யு.ஹெச்.எஃப். டி.வி. நெரிசல் பெரிசா இருந்ததில்லை என்பதால் குடிசை நிம்மதியா இருந்தது. யாரும் கேட்கலை.

புறம்போக்குல இருக்கிறவனுக்கு என்ன பயம்? ஒரு நாள் அந்த இடத்துக்கு யாராவது பட்டாவோட வருவாங்க என்பதுதான். வந்துட்டாங்க!

பட்டா வாங்கினது யார்?

குறைந்த அலைவரிசை ரொம்ப தூரம் போகும். சுவரையும் ஊடுருவும். அதனால் செல்போன் கம்பெனிகளுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் என்றாலே நாக்கில் எச்சில் ஊறும். ஆனா விலையைக் கேட்டா மயக்கமே வரும். 2016 ஏலத்தில் இதன் ஆரம்ப விலை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ரூ.11,485 கோடி. ஒருத்தரும் கை தூக்கலை. 2021-லும் அதே கதை. 2022-ல் விலையை ரூ.3,927 கோடியாகக் குறைச்சாங்க. ஜியோ நாடு முழுக்க 10 மெகாஹெர்ட்ஸ் ஜோடியை ரூ.39,270 கோடிக்கு அள்ளிக்கிச்சு. 2023-ல் பி.எஸ்.என்.எல்.-லுக்கும் இதே பேண்டில் மத்திய அரசு இடம் ஒதுக்கியது.

இந்த 700 பேண்டில் ரெண்டு பகுதி உண்டு. 703 முதல் 748 வரை, போனிலிருந்து டவருக்குப் போற பாதை. 758 முதல் 803 வரை, டவரிலிருந்து போனுக்கு வர்ற பாதை. உங்க ஊர் மைக் இந்த ரெண்டில் எதில் இருந்தாலும் ஆபத்துதான். ஆனா முதல் பகுதியில் ஒரு வில்லங்கம் ஒளிஞ்சிருக்கு.

டவர் பக்கத்தில் இருந்தால் உங்க போன் கிசுகிசுனு பேசும். டவர் தூரமா இருந்தால் கத்திப் பேசும். அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை கத்தும். டவர் தள்ளி இருக்கிறது எங்கே? கிராமத்தில்தான்! நாடகம் பார்க்க வந்த முன் வரிசை மக்கள் வீடியோ எடுத்து 'லைவ்' விட்டா, அந்த 200 மில்லிவாட் கத்தல் ரிசீவருக்குப் பத்தடி தள்ளி நடக்குது. நாரதரின் 10 மில்லிவாட் முப்பதடி தள்ளி மேடையில் நிற்குது. யார் குரல் ஜெயிக்கும்? நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

பிராட்வேயே பெட்டியைக் கட்டுச்சு

இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. நியூயார்க்கின் பிராட்வே நாடகக் கொட்டகைகளும் இதே வலியை அனுபவிச்சாச்சு. டி.வி. சேனல்களுக்கு நடுவே இருக்கிற காலி இடத்தை இன்டர்நெட் கருவிகளுக்குத் திறந்துவிட 2008-ல் அமெரிக்காவின் எஃப்.சி.சி. ஆணையம் கிளம்பிச்சு. கூகுள் கைதட்டிச்சு. பிராட்வே அலறிச்சு. தன் மியூசிக்கலை மேடையேத்த ரெடியா இருந்த பாடகி டாலி பார்ட்டனே ஆணையத்துக்கு லெட்டர் போட்டார். ஆனாலும் நவம்பர் 2008-ல் அனுமதி கொடுத்துட்டாங்க.

அப்புறம் வரிசையா அடி. 2010 ஜூன் 12-க்குள் 700 மெகாஹெர்ட்ஸை எல்லா மைக்கும் காலி பண்ணணும்னு உத்தரவு. சரினு 600-க்குக் குடி போனாங்க. 2017-ல் அதுவும் ஏலம் போச்சு. 2020 ஜூலை 13-க்குள் அங்கேயும் காலி! பத்து வருஷத்தில் ரெண்டு வாட்டி வீடு மாத்தினா வாடகைக்காரன் என்ன ஆவான்?

ஒரே ஆறுதல், 2014-ல் வந்த விதி. வழக்கமா 50 மைக்கோ, அதுக்கு மேலேயோ பயன்படுத்துகிற அரங்குகளுக்கும் சவுண்ட் கம்பெனிகளுக்கும் லைசென்ஸ் கேட்கிற உரிமை கிடைச்சது. பெரிய கொட்டகை தப்பிச்சது. சின்னக் குழு நடுத்தெருவில்! பிரிட்டனில் கொஞ்சம் மனசாட்சியோட நடந்துக்கிட்டாங்க. பழைய மைக்கைக் கொடுத்தவங்களுக்கு நஷ்டஈடு கொடுத்தாங்க.

நமக்கு யார் பேசுவாங்க?

இப்போ நம்ம கதைக்கு வாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) போட்டுக் கொடுத்த பாதையில்தான் இன்னிக்கும் நம்ம பக்கம் ஸ்பெஷல் நாடகம் ஓடுது. இதில் ஒரு ஆச்சரியம் தெரியுமா? ஒத்திகையே கிடையாது! ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. அன்னிக்கு ராத்திரிதான் மேடையில் சந்திப்பாங்க. அவர் ஒரு கேள்வி போட, இவர் அதைப் பிடிச்சுப் பதில் பாட, ஆர்மோனியம் பின்னாலேயே ஓடிவரணும். காதில் விழுந்தாத்தான் நாடகமே நகரும். ஒரு வரி கரகரத்தா, எதிராளியின் பதிலும் போச்சு, கைதட்டலும் போச்சு. மாசி, பங்குனி, சித்திரைனு சீசனுக்கு ஓடி ஓடிச் சம்பாதிக்கிற கலைஞருக்குக் குரல்தான் முதல்.

ஸ்டாண்டு மைக் முன்னால் நின்னு பாடினவரைக்கும் இந்த வம்பு இல்லை. ஒயர் பத்திரம். ஆனா கார்ட்லெஸ் வந்தப்புறம் நடிப்பு காலுக்கு விடுதலை கிடைச்சிருக்கே... அதை விட மனசு வருமா?

இங்கே 50 மைக் வெச்சிருக்கிற குழு எது? வயர்லெஸ் கருவி எதுவா இருந்தாலும், ஒண்ணு லைசென்ஸ் தேவையில்லைனு அறிவிச்ச அலைவரிசையில் இருக்கணும். இல்லேன்னா மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் அனுமதி வாங்கணும். 700-ல் ஓடுற மைக் கரகரத்தா, போலீஸுக்கும் போக முடியாது, போன் கம்பெனிக்கும் போக முடியாது. பட்டா அவங்க கையில்!

"சரி, 600-க்குப் போயிடலாமே?"ங்கிறீங்களா? 2022 ஏலத்தில் 600-ஐயும் வெச்சாங்க. யாரும் வாங்கலை. அப்பாடானு உட்கார்ந்துடாதீங்க. 700-ஐயும் ரெண்டு தடவை யாரும் வாங்கலைதான். மூணாவது தடவை என்ன ஆச்சு?

கல்ச்சுரல்ஸ் செக்ரட்டரி கவனத்துக்கு!

* மைக் வாங்குறப்போ, வாடகைக்கு எடுக்கிறப்போ பின்னாடி ஸ்டிக்கரைப் படிங்க. 703-748, 758-803 என்றால் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுங்க. 470-லிருந்து 600-க்குள் என்றால் இப்போதைக்குத் தேவலை.

* 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குக்கு லைசென்ஸ் தொல்லை இல்லை. ஆனா ஹாலில் ஐந்நூறு பேர் வைஃபை, ப்ளூடூத் போட்டா அதுவும் திணறும்.

* மைக்குகளைச் சம இடைவெளியில் வைக்காதீங்க! 600, 600.4 என்று ரெண்டு மைக் ஓடினா, அதுங்க கலந்து 599.6, 600.8 என்று ரெண்டு பேய் சிக்னல் பிறக்கும். மூணாவது மைக்கை 600.8-ல் வெச்சீங்கன்னா பேயோட குடும்பம் நடத்தணும்.

* ரிசீவரைக் கூட்டத்துக்கு நடுவில் வைக்காதீங்க. மேடைக்குப் பக்கத்தில், மைக்கை நேராப் பார்க்கிற மாதிரி, ஆள் தலைக்கு மேலே வைங்க. மனுஷ உடம்பு இந்த அலையை உறிஞ்சிக் குடிச்சுடும்.

* டெஸ்டிங்கை காலி ஹாலில் மட்டும் முடிச்சுக்காதீங்க. கூட்டம் வந்தப்புறம் இன்னொரு தடவை பாருங்க.

* என்ன இருந்தாலும் ஓரத்தில் ஒரு ஒயர் மைக் ரெடியா நிக்கட்டும்.

அப்புறம், ஈ.சி.ஈ. மக்களே! லேப் எக்ஸாமுக்கு மட்டும் தூசி தட்டுற ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒண்ணு உங்க டிபார்ட்மென்ட்டில் தூங்கிக்கிட்டு இருக்கும். ஹெச்.ஓ.டி.யைக் கெஞ்சிக் கூத்தாடி அதை வெளியே எடுங்க. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், சின்னாளபட்டினு ஒவ்வொரு ஊரிலும் எந்த அலைவரிசை நெரிசல், எது காலினு ஒரு பட்டியல் போடுங்க. அதை மைக்செட் கடைகளில் ஒட்டுங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஆச்சு!

அதே பட்டியலை இன்னொரு இடத்துக்கும் அனுப்பலாம். ஏலத்துக்கு முன்னாடி டிராய் ஆணையம் ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, யார் வேணா கருத்துச் சொல்லலாம்னு கூப்பிடும். போன் கம்பெனிகள் பக்கம் பக்கமா எழுதி அனுப்புவாங்க. நாரதர் சார்பில் இதுவரைக்கும் எத்தனை லெட்டர் போயிருக்கும்? 600 அடுத்து ஏலத்துக்கு வர்றப்போ, திண்டுக்கல்லிலிருந்து ஒண்ணாவது போகட்டுமே!