பூநாரையைக் காட்டாத விரல்

பனிக்காலத்தில் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் இறங்கும். பசியாவரத்துக் கரையில் அம்மாவின் இடுப்பில் இருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தை அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் விரலை நீட்டும். உடனே திரும்பி, அம்மாவும் பார்க்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்க்கும். பிஸ்கட் கேட்டுக் கை நீட்டுவது வேறு, ‘அதோ பாரு’ என்று காட்டுவது வேறு. இந்த இரண்டாவது சுட்டல் 18 மாதமாகியும் வரவில்லை என்றால், ஆட்டிசமாக இருக்குமோ என்று மருத்துவர்கள் பரிசோதிப்பார்கள்.

வீட்டிலோ பேச்சை மட்டும்தான் எதிர்பார்த்திருப்பார்கள். “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பனும் அப்படித்தான்” என்பாள் பாட்டி. பல பிள்ளைகளுக்கு அது பலித்தும்விடும். அதை நம்பியே சில பிள்ளைகளின் நல்ல காலம் வீணாகிறது.

ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடிவருகிறதா? 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லையா? இரண்டு வயதில் ‘அம்மா வா’ என்று சேர்த்துச் சொல்லவில்லையா? வலையின் மிதவையை மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டே இருக்கிறதா? இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவுகட்ட முடியாது. காது கேட்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். ஆனால் பேசிக்கொண்டிருந்த பிள்ளை சொற்களை இழந்தால், எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது.

பழி பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழும். வளர்ப்பால் ஆட்டிசம் வருவதில்லை. தடுப்பூசியாலும் வராது, அப்படிச் சந்தேகம் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. குணமாக்குகிறோம் என்று ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கேட்பவர்களும் உண்டு. ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022இல் சொல்லிவிட்டது. படகை அடகு வைத்து அதற்குக் கொடுக்க வேண்டாம்.

செலவில்லாத வழி அங்கன்வாடியில் தொடங்குகிறது. 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும். குழு வரும் நாளில் மீன் ஏலத்துக்குப் போய்விட்டால் அந்த முறை தவறிவிடும். டீச்சரிடம் தேதியை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. அதுவரை பொறுக்க முடியாதென்றால் பொன்னேரி அரசு மருத்துவமனையில் காட்டி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேட்கலாம். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. ஆட்டிசம் என்று உறுதியாகும்வரை காத்திராமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கியபின், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். தெரபிக்கும் அதில் இடமுண்டு. ஊனத்தின் அளவு சட்டம் சொல்லும் வரம்பை எட்டியதாகச் சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி உரிமை. ‘இவனை வெச்சுக்க முடியாது’ என்று பள்ளி கைவிரித்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.