கழிவுநீர்க் குளத்தில் தேங்கும் கசடு: நம் கடையின் பங்கு எவ்வளவு?



கடைக்குச் சரக்கு வந்துகொண்டே இருந்து விற்பனை மட்டும் நடக்கவில்லை என்றால் என்ன ஆகும்? கிட்டங்கி நிறைந்துவிடும். புதுச் சரக்கு இறக்க இடம் இருக்காது. ஊருக்கு வெளியே கழிவுநீரைச் சுத்திகரிக்க வெட்டியிருக்கும் குளங்களின் கதையும் இதுதான். அங்கே தேங்குவது கசடு. அதை அள்ளும் செலவு வரியாகவும் பாதாளச் சாக்கடைக் கட்டணமாகவும் நம் தலையில்தான் விடியும். அள்ளாமல் விட்டாலோ நாற்றமும் நோயும் ஊரைச் சேரும். ஆகவே இது நகராட்சி பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

குளம் வேலை செய்யும் விதம்

சிறு நகரங்களுக்குக் குளமுறை ஏற்றது. நிலம் கூடுதலாக வேண்டும். ஆனால் பெரிய எந்திரமும் மின்கட்டணமும் தேவையில்லை. நம் நாட்டின் வெயில் இதற்குப் பெரிய மூலதனம். நாகபுரியில் 1958ல் தொடங்கி, 1974 முதல் ‘நீரி’ என்ற பெயரில் இயங்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இம்முறையை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. நமது மாநிலத்தில் திருச்சி பஞ்சப்பூரிலும் இவ்வகைக் குளங்கள் அமைக்கப்பட்டன.

பொதுவாக மூன்று வகைக் குளங்கள் வரிசையாக இருக்கும். முதற்குளம் 2 முதல் 5 மீட்டர் ஆழம். திடப்பொருள்கள் இங்கே அடியில் படியும். காற்று இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செரித்து வாயுவாக்கும். இந்த வேலை 15 டிகிரி வெப்பத்துக்கு மேல்தான் நன்றாக நடக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டாம் குளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழம். அங்கே பாசி வளர்ந்து வெயிலில் உயிர்க்காற்றைத் தரும். கடைசிக் குளத்தில் சூரிய ஒளி நோய்க்கிருமிகளை அழிக்கும்.

நுண்ணுயிர்களால் செரிக்க முடிந்தது குறையும். மணல், மண், பிளாஸ்டிக் போன்றவை செரிக்காது. அவை அப்படியே தங்கும்.

ஒரு கணக்கு

வெப்பநாடுகளில் குளம் அமைக்கும் பொறியாளர்கள், ஆளுக்கு ஆண்டுக்கு 40 லிட்டர் கசடு சேரும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். மத்திய மெக்சிகோவில் நான்கு குளங்களை அளந்து 2004ல் வெளியிட்ட ஆய்வில் இது 21 முதல் 36 லிட்டர் வரை இருந்தது.

பாதாளச் சாக்கடையில் இணைந்துள்ள 25,000 பேர் இருக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். 40 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 10 லட்சம் லிட்டர். 6,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் ஏற்றினால் 167 நடை. டீசல், ஆள்கூலி, கொட்டுமிடம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் தொகை எங்கே போய் நிற்கும் என்பதை வணிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதற்குளத்தில் மூன்றில் ஒரு பங்கு கசடு நிறைந்ததும் அள்ளிவிட வேண்டும் என்பது விதி. தள்ளிப்போட்டால் தண்ணீர் தங்கும் இடம் சுருங்கும். பல நாள் தங்கித் தெளிய வேண்டிய நீர், தெளியாமலே வெளியேறி வாய்க்காலிலும் வயலிலும் பாயும். அந்த வயலின் காய்கறிதான் நம் சந்தைக்கு வருகிறது.

கடையிலிருந்து போவது என்ன?

மனிதக் கழிவைக் குறைக்க எவராலும் முடியாது. ஆனால் கடைவீதியிலிருந்து சாக்கடைக்குள் போகும் பல பொருள்கள் அங்கே போக வேண்டியவையே அல்ல. மூட்டை உதறிய மண்ணும் தவிட்டுத் தூசியும், பருப்புத் தொலியும், வண்டு விழுந்த மாவும், இளகிய வெல்லப்பாகும், எண்ணெய் டின் கழுவிய நீரும், வெங்காயச் சருகும், பாக்கெட் கிழித்த துண்டுகளும் அன்றாடம் தண்ணீரோடு தள்ளப்படுகின்றன.

இவற்றில் எண்ணெய்தான் பெரிய எதிரி. சூடாக இருக்கையில் ஓடும். குழாய்க்குள் ஆறியதும் ஒட்டிக்கொண்டு இறுகும். அதன்மேல் மாவும் தூசியும் படிந்து குழாய் அடைக்கும். சாக்கடை பொங்குவது குளத்தருகே அல்ல, நம் கடை வாசலில். தப்பிக் குளம் சேர்ந்த எண்ணெய், மேலே ஏடாக மிதந்து நாற்றம் தரும்.

நாம் செய்யத்தக்கவை

1. முதலில் பெருக்குங்கள், பிறகு கழுவுங்கள். உலர்ந்த குப்பையை முறத்தில் அள்ளிவிட்டால் கழுவும் தண்ணீரும் மிச்சம்.

2. தரையில் எண்ணெய் கொட்டினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உமி அல்லது மரத்தூளைத் தூவி, ஊறியதும் கூட்டி எடுங்கள்.

3. டின்னையும் பீப்பாயையும் கவிழ்த்து முழுதும் வடித்த பிறகே கழுவுங்கள். வடிந்தது காசு.

4. கெட்டுப்போன மாவு, பருப்பு, வெல்லம் ஆகியவற்றை எருக்குழிக்கு அனுப்புங்கள்.

5. கழுவுநீர் வெளியேறும் வாயில் கம்பிவலை பொருத்துங்கள். மாலையில் கடை அடைக்குமுன் வலையைத் தட்டிச் சுத்தம் செய்வது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

6. உணவு விடுதி, பலகாரக் கடை நடத்துவோர் எண்ணெய் தடுக்கும் தொட்டி கட்டுவது அவசியம். இடையில் தடுப்புள்ள சிறு தொட்டி அது. நீர் நின்று ஆறும்போது எண்ணெய் மேலே மிதக்கும், மண் கீழே படியும், நடுநீர் மட்டும் வெளியே போகும். ஆனால் வாரந்தோறும் வழிக்காத தொட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

பயன்படுத்திய எண்ணெய்க்கு இப்போது விலையும் உண்டு. அதை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் தொடங்கியது. அங்கீகாரம் பெற்றவரிடம் மட்டும் விற்க வேண்டும். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்பதும் 2019 மார்ச் முதல் விதியாகும்.

நகராட்சியிடம் கேட்க வேண்டியவை

நம் பங்கைச் செய்த பிறகு கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. இருப்பு எடுக்காமல் வியாபாரம் நடக்காது. கசடுக்கும் ஆண்டுதோறும் இருப்பு எடுக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. நீண்ட கழியில் வெள்ளைத் துண்டைச் சுற்றி, படகிலிருந்து நேராக அடிவரை இறக்கி மெதுவாகத் தூக்கினால், துண்டில் கறுப்பு எவ்வளவு உயரம் ஏறியதோ அதுவே கசடின் உயரம். நீர் நுழையும் பக்கம் கசடு அதிகமாகப் படியக்கூடும் என்பதால் பல இடங்களில் அளக்க வேண்டும்.

நுழைவாயிலில் உள்ள கம்பிச் சல்லடையும் மணல் தொட்டியும் தவறாமல் சுத்தமாகின்றனவா? ஒன்றைத் தூர்வாரும்போது மற்றொன்று இயங்க முதற்குளம் இரண்டாக உள்ளதா? கசடு காய வெயில் வேண்டுமே, வேலை கோடையில் தொடங்குகிறதா? இவற்றைக் கேளுங்கள்.

கசடைக் கரைக்கும் தூள் என்று விற்க வருவோரும் உண்டு. எந்தத் தூளும் மணலையும் பிளாஸ்டிக்கையும் கரைக்காது. போடுமுன் அளவு, போட்டபின் அளவு இரண்டையும் காட்டினால்தான் பணம் என்று நகராட்சி சொல்ல வேண்டும்.

காய்ந்த கசடு நல்ல எருவாகும்; ஆனால் உடனே அல்ல. குடற்புழு முட்டைகள் அதில் நெடுநாள் உயிரோடு இருக்கும். நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் ஓராண்டுக்கு மேல் சேமித்து வைத்த பிறகே வயலுக்கு இட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் செப்டிக் டேங்க்தான் நமக்குக் குளம். அங்கும் எண்ணெயும் மண்ணும் சேர்ந்தால் லாரியை அடிக்கடி அழைக்க நேரும். லாரி அள்ளியதை ஓடையில் கொட்டாமல், செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017ல் அமைந்தது போன்ற சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறதா என்று கேட்டு அனுப்புங்கள்.

உயிர் பெரிது

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கடைச் சாக்கடையோ தொட்டியோ அடைத்தால் அவசரத்துக்கு ஆளை உள்ளே இறக்காதீர்கள். கசடிலிருந்து வரும் நச்சு வாயு நொடியில் ஆளைச் சாய்க்கும். தூக்கப் போனவரையும் சாய்க்கும். பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; இறக்கியவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும், மூன்று மணி நேரத் தாமதத்துக்காக ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவது வணிக தர்மம் ஆகாது. எந்திர வண்டி வரும்வரை கடையை மூடி வையுங்கள்.

துடைப்பம், முறம், கம்பிவலை, ஒரு கூடை உமி: நாம் போடும் முதலீடு இவ்வளவே. வீதிக்கு வீதி கடைக்காரர்கள் கூடிப் பேசி இம்மாதமே தொடங்குவோம். குளத்தில் அள்ளுவதைவிடக் கடையில் தடுப்பது மலிவு.