எரிபொருள் டியூனிங்: வேண்டுமா, வேண்டாவா?

இருசக்கர வண்டி வாங்கிய இளைஞர் பலர் முதலில் மாற்ற விழைவது சைலன்சரை. ஓசை மாறியதும், எரிபொருள் டியூனிங்கையும் மாற்றினால்தான் எஞ்சின் பிழைக்கும் என்று யாரேனும் ஒருவர் அறிவுரை கூறிவிடுகின்றார். அதற்கெனச் செலவாகும் ஆயிரங்களோ பெரும்பாலும் பெற்றோரின் உழைப்பில் விளைந்தவை. ஆதலின், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே ஏறத்தாழ இருக்கும் வண்டிக்கு இச்செலவு தேவைதானா என்பதை ஆராய்வது பயனுடையது. 1955ஆம் ஆண்டு முதல் சென்னையோடு தொடர்புடைய புல்லட் வண்டியையே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கலவையின் கணக்கு

எஞ்சினுள் பெட்ரோல் தனித்து எரிவதில்லை. காற்றுடன் கலந்தே எரிகின்றது. 1 கிராம் பெட்ரோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். முழு ஆற்றல் தேவைப்படுங்கால் பெட்ரோலைச் சற்றே மிகுத்து, காற்றை 13 கிராம் அளவில் அமைப்பர். பெட்ரோல் குறைந்தால் வண்டி தயங்கும்; பளு மிகுந்த வேளையில் இக்குறை நீடித்தால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டனும் வால்வும் கெடக்கூடும். பெட்ரோல் மிகுந்தாலோ கரும்புகை எழும்; பிளக்கில் கரி படியும்; மைலேஜ் குறையும்.

பழைய புல்லட்டில் இவ்வளவை நிர்ணயித்தது கார்புரேட்டரின் ஜெட் என்னும் சிறு துளை. அத்துளை தன்னைத் தானே மாற்றிக்கொள்ள இயலாது. ஆகவே, சைலன்சரையோ ஏர் ஃபில்டரையோ மாற்றியவர் ஜெட்டையும் மாற்ற நேர்ந்தது. இன்று நாம் கேட்கும் அறிவுரைக்கு அவ்வழக்கமே வேர் எனலாம்.

இன்றைய நிலை

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. புல்லட் 350 வண்டியும் எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் முறைக்கு மாறியது. புகைக்குழாயில் அமைந்த ஆக்சிஜன் சென்சார், புகையில் எஞ்சிய ஆக்சிஜனை அறிந்து இ.சி.யூ. என்னும் சிறு கணிப்பொறிக்கு உணர்த்துகின்றது. அது பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றது. சீரான வேகத்தில் செல்லும்போது இத்திருத்தம் இடையறாது நிகழும். இன்று பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகின்றது. 1 கிராம் எத்தனால் எரிய 9 கிராம் காற்றே போதும். அதனால் கலவைக்குரிய காற்றின் அளவு 13.5 அளவிற்கு இறங்குகின்றது. இவ்வேறுபாட்டையும் சென்சார் வழி நிகழும் திருத்தமே பெருமளவு ஈடுசெய்கின்றது.

ஆயினும் ஒரு வரம்புண்டு. ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்குங்கால் இ.சி.யூ. சென்சாரைப் பொருட்படுத்தாது, தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணையையே பின்பற்றும். எஞ்சினின் காற்றோட்டம் பெரிதும் மாறினால் அவ்வட்டவணை பிழைபடும். எனவே நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: காற்றோட்டம் எவ்வளவு மாறியுள்ளது?

யார்க்கு வேண்டா? யார்க்கு வேண்டும்?

புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிப் பகுதியைத் தொடாது, பின்பகுதிச் சைலன்சரை மட்டும் மாற்றியவர்க்குப் பெரும்பாலும் டியூனிங் வேண்டா. 20 குதிரைத்திறன் அளவேயுள்ள 350 சிசி எஞ்சினில் அவர் பெறும் கூடுதல் ஆற்றல் மிகச் சிறிதே. முன்குழாய் முதல் முழுமையாக மாற்றியவர், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்துவிட்டவர், கேமை மாற்றியவர், சிலிண்டரின் கொள்ளளவைப் பெருக்கியவர் ஆகியோர்க்கே அது இன்றியமையாதது. அத்தகைய மாற்றங்கள் பந்தயத் திடலுக்கு உரியவை. சாலைக்கு உரியவை அல்ல.

டியூனிங்கிலும் இருவகை உண்டு. இ.சி.யூ.வுக்கு இடையே தனிப்பெட்டி ஒன்றைப் பொருத்துவது ஒன்று, இ.சி.யூ.வின் அட்டவணையையே திருத்தி எழுதுவது மற்றொன்று. எவ்வகையாயினும், ஆற்றலை அளக்கும் டைனோ இயந்திரத்தில் வண்டியை ஓட்டிக் கலவையை அளந்து செய்வதே முறை. அளவாது செய்யும் டியூனிங், நாடி பாராது தரும் மருந்து போன்றது.

முதலில் காண வேண்டியவை

ஆக்சிலேட்டரை விடும்போது எழும் ‘டப், டப்’ ஓசையைக் கேட்டு அஞ்சுவார் பலர். சைலன்சர் இணைப்பில் காற்றுக் கசிந்தாலும் அவ்வோசை எழும். கேஸ்கெட்டை மாற்றினாலே அது அடங்கக்கூடும். இழுவை குறைந்ததாகத் தோன்றினால் அழுக்கேறிய ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், தளர்ந்த செயின், டயரின் காற்று ஆகியவற்றை முதலில் நோக்குக. இவற்றுக்கு ஆகும் செலவு சில நூறுகளே.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து பதிவு விவரங்கள் வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. ஒலி, புகை வரம்பை மீறினால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். எஞ்சின் பழுதுற்றால் உத்தரவாதம் மறுக்கப்படவும் கூடும்.

ஆகவே, மாற்றத்தின் அளவை முதலில் அறிக; குறையிருப்பின் அதன் காரணத்தைத் தேடுக; அளந்து பார்த்துத் தேவையெனத் தெளிந்தால் மட்டுமே பணத்தைச் செலவிடுக. தொழிற்சாலை நிலையிலுள்ள வண்டிக்கு ஏற்ற டியூனிங் அதனுள்ளேயே அமைந்திருக்கின்றது. காலத்தில் செய்யும் பராமரிப்பே அதற்கு நாம் செய்யத்தக்க சிறந்த மேம்பாடு.