மாவு மூட்டையும் பாலிடாலும்

கொருக்குப்பேட்டை சரக்கு யார்டானாலும் நம்மூர் மாட்டு வண்டியானாலும், பூச்சி மருந்தும் உணவுச் சாமானும் ஒரே பாரமாக ஏறக்கூடாது. 1958-ல் கேரளத்தில் 100-க்கும் மேற்பட்டோர் மாண்டது இதனால்தான். கப்பலில் கோதுமை மாவோடு வந்த பாரத்தியான் (நம்மவர் சொல்லும் பாலிடால்) ஒழுகி மூட்டைகளில் ஊறிவிட்டது. பூச்சியையும் செஞ்சிலந்தியையும் கொல்லும் இம்மருந்து, மனிதரின் நரம்பையும் அதேபோல் தாக்கும். இந்தச் சாவுகளுக்குப் பின்னரே 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது.

பாரத்தியானுக்கு இன்று தடை. ஆனால் அதே இன மருந்துகள் கடையில் உண்டு. லேபிளில் சிவப்பு, மஞ்சள் முக்கோணம் இருந்தால் கொடிய விஷம். தவிட்டு மூட்டை மேல் வைக்காதீர்கள். மருந்து பட்ட சாக்கைக் கழுவி நெல் கட்டவும் வேண்டாம். வாந்தி, தலைசுற்றல், எச்சில் வடிதல் கண்டால் லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.