ஓரத்தில் பாக்கி என்றால் பயம் வேண்டாம். தேதியைத் தவறவிடவும் வேண்டாம்!

தோட்டத்துச் சகோதரிகளே,

பெரியாஸ்பத்திரியில் கருப்பை வாயில் கெட்ட சதையை வெட்டி எடுத்துக்கொண்டு வந்த ஒரு சகோதரி, ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி என்னிடம் அழுதார். "ஓரத்துல இன்னும் பாக்கி இருக்காம் டிரெசர் ஐயா. அப்ப எனக்குப் புற்றுநோய்தானே?"

இல்லையம்மா. வெட்டி எடுத்தது புற்றுநோய் அல்ல. கவனிக்காமல் விட்டால் பல வருடங்களில் புற்றுநோயாக மாறக்கூடிய கோளாறு. வெட்டிய சதையைச் சோதனைக்கூடத்தில் பார்ப்பார்கள். அதன் ஓரம் வரைக்கும் கோளாறு தெரிந்தால், உள்ளே கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம் என்று அர்த்தம். சிலருக்குப் புண் ஆறும்போதே மிச்சமும் அழிந்துவிடும்.

2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, ஓரத்தில் பாக்கி இருந்தவர்களில் 100-க்குச் சுமார் 17 பேருக்குக் கோளாறு மறுபடி தெரிந்தது. ஓரம் சுத்தமாக இருந்தவர்களில் 4 பேருக்குத்தான். அந்த 17 பேரில் நீங்களும் ஒருவரா? உடம்பு சொல்லாது. வலி இருக்காது. சோதனைதான் சொல்லும்.

ஆகவே 6 மாதத்தில் வரச் சொன்னால் கட்டாயம் போங்கள். எச்.பி.வி. கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் கோளாறு திரும்புவது மிக அபூர்வம். இருந்தால், பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி வெட்டுவார்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு முன்னதாகவே மறு வெட்டு சொல்வதுண்டு. எல்லாருக்கும் கருப்பையையே எடுக்க வேண்டியதில்லை. அதன் பிறகும் டாக்டர் சொல்லும் காலம் வரை பல வருடம் சோதனைக்குப் போய்வர வேண்டும்.

வெட்டிய பிறகு 4 வாரமாவது கணவருடன் சேர வேண்டாம். பாரம் தூக்க வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றம், மாதவிலக்கைவிட அதிக உதிரம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் வாருங்கள்.

"ஒருநாள் சம்பளம் போயிடுமே" என்று தேதியைத் தள்ளிய இன்னொரு சகோதரி, மூன்று வருடம் கழித்து உதிரப்போக்கோடு வந்தார். அப்போது அது புற்றுநோயாகிவிட்டது.

கார்டில் உள்ள தேதியைக் கங்காணியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் என்னைப் போன்ற டிரெசரிடம் சொல்லுங்கள், நாங்கள் பேசுகிறோம். கணவன்மார்களே, அன்றைக்கு நீங்களும் துணைக்குப் போங்கள்.