ஒரு நாணயம், 21 கஜானாக்கள்

2015 ஜூலை 1. கிரேக்க நாட்டில் கடன் நெருக்கடியால் மூடிக் கிடந்த வங்கிகளில் சில கிளைகள் மட்டும் ஓய்வூதியர்களுக்காகத் திறந்தன. ஏடிஎம் கார்டு இல்லாத முதியவர்கள் வாசலில் முண்டியடித்தார்கள். ஆளுக்கு 120 யூரோ. அந்த வாரத்துக்கு அவ்வளவுதான். கார்டு இருந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 60 யூரோ.

கணக்கை மறைத்த கிரேக்க அரசைத்தான் எல்லோரும் ஏசினார்கள். ஏச்சு நியாயமே. 2009-ஆம் ஆண்டின் பற்றாக்குறை, திருத்திய கணக்கில், நாட்டின் மொத்த உற்பத்தியில் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் பழியை அதன் தலையில் மட்டும் கட்டிவிட்டால் ஸ்பெயின் விழுந்த கதை புரியாது.

யூரோவுக்கு அடித்தளமிட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தப்படி பற்றாக்குறை 3 சதவீதத்துக்குள்ளும் கடன் 60 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். 2007-இல் ஸ்பெயினின் பட்ஜெட்டில் உபரி. கடன் 40 சதவீதத்துக்கும் கீழே. 2003-இல் வரம்பு மீறிய ஜெர்மனி, பிரான்ஸ் மீதான நடவடிக்கையையோ நிதியமைச்சர்கள் கூடி நிறுத்தி வைத்தார்கள்.

விதியை மதித்த நாட்டைச் சாய்த்தது வட்டி. ஐரோப்பிய மத்திய வங்கி எல்லா நாட்டுக்கும் ஒரே வட்டிதான் வைக்க முடியும். 2003 ஜூன் முதல் 2005 டிசம்பர் வரை அது 2 சதவீதம். மந்தத்தில் கிடந்த ஜெர்மனிக்குப் பொருத்தம். விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறிய ஸ்பெயினிலோ கடன் வாங்கியவருக்கே லாபம். வீடுகள் கட்டிக் குவிந்தன, வட ஐரோப்பிய வங்கிகளின் பணம் வந்து கொட்டியது, பிறகு எல்லாம் சரிந்தது. அரசின் கணக்கைக் கண்காணித்த விதிகள் வங்கிகளின் கடனைக் கண்டுகொள்ளவே இல்லை. அயர்லாந்திலும் இதே கதை. 2008-இல் அங்கே வங்கிக் கடன்களுக்கு அரசே பொறுப்பேற்றது.

சொந்த நாணயம் இருந்தால் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்தலாம். அது இல்லாததால் சம்பளமும் வேலையும் வெட்டுப்பட்டன. 2013-இல் ஸ்பெயினிலும் கிரேக்கத்திலும் நான்கில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை.

கொரோனா காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 75,000 கோடி யூரோ மீட்பு நிதிக்குக் கூட்டாகக் கடன் வாங்கத் துணிந்தது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு அது. தற்காலிகமாக மட்டுமே கொண்டுவந்தார்கள். யூரோ நாடுகளின் வங்கிச் சேமிப்புக்கு 2015-இல் முன்மொழிந்த பொதுக் காப்பீடு இன்னும் ஏட்டளவில்தான். 2026 ஜனவரியில் 21-ஆவது நாடாக பல்கேரியா யூரோவுக்கு மாறியிருக்கிறது. சோஃபியாவில் ஒரு வங்கி நொடித்தால், வாடிக்கையாளரின் ஒரு லட்சம் யூரோ வரையிலான சேமிப்புக்கு இன்றும் பல்கேரியாவின் காப்பீட்டு நிதிதான் பொறுப்பு.