ரயில் போன வழியே

சைக்கிள் ஏறத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஓர் ஆசை உண்டு. பின்னால் லாரி ஹாரன் அலறாமல், முன்னால் பஸ் புழுதி கிளப்பாமல், ஒரு நாள் முழுவதும் மனம் போனபடி மிதித்துக்கொண்டு போகவேண்டும் என்பதே அது. நமக்கும் வெகு காலமாக அந்த ஆசை இருந்தது. கடைசியில் அது நிறைவேறியது நியூஜிலாந்து தேசத்தின் தென் தீவில், ஒட்டாகோ என்னும் பிரதேசத்தின் உட்பகுதியில். அங்கே கிளைட் என்ற சிற்றூரிலிருந்து மிடில்மார்ச் என்ற மற்றொரு சிற்றூர் வரையில் 152 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 95 மைல் தூரத்துக்கு ஒரு சரளைப் பாதை செல்கிறது. மோட்டார் வண்டி எதற்கும் அதில் இடமில்லை. சைக்கிளுக்கும் குதிரைக்கும் மனிதனுடைய இரண்டு கால்களுக்கும் மட்டுமே இடம்.

இந்தப் பாதை ஒரு காலத்தில் ரயில் பாதையாக இருந்தது. 1861-ஆம் வருஷம் ஒட்டாகோவில் காப்ரியல் ரீட் என்பவர் தங்கம் கண்டெடுத்தார். அடுத்த வருஷமே ஹார்ட்லி, ரைலி என்னும் இருவர் க்ளூதா நதியின் மணலை அரித்து 87 ராத்தல் தங்கத்தைக் கொண்டுவந்து டனீடன் நகரத்தில் கொட்டினார்கள். பிறகு கேட்பானேன்! ஜனங்கள் ஈசல் போலக் கிளம்பினார்கள். தங்கம் சீக்கிரத்தில் தீர்ந்துவிட்டது. ஆனால் வந்தவர்களில் பலர் ஆடு வளர்த்துக்கொண்டும் பழத்தோட்டம் வைத்துக்கொண்டும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்காக 1879-இல் ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். அது மிடில்மார்ச்சை எட்டும்போது 1891. கிளைடை அடையும்போது 1907. கடைசி ஊரான குரோம்வெல்லைச் சேரும்போது 1921. தண்டவாளத்தின் அகலம் நம்முடைய பழைய மீட்டர் கேஜைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஒரு தலைமுறையின் உழைப்பு முழுவதும் அந்தக் குறுகிய பாதையில் போயிற்று.

அப்படி வந்த ரயில் எப்படிப் போயிற்று என்பது வேடிக்கையும் வருத்தமும் கலந்த கதை. லாரிகள் பெருகியதும் ரயிலுக்குச் சரக்குக் குறைந்தது. பிறகு கிளைடில் க்ளூதா நதியின் குறுக்கே அணை கட்டத் தீர்மானித்தார்கள். அணையின் நீர் குரோம்வெல் வரையிலுள்ள பள்ளத்தாக்கை மூழ்கடிக்கும் என்பதால் 1980-இல் அந்தப் பகுதியில் ரயிலை நிறுத்தினார்கள். மிச்சமிருந்த பாதை அணை வேலைக்கான சாமான்களைச் சுமந்துகொண்டு இன்னும் பத்து வருஷம் உயிரோடிருந்தது. அந்த வேலையும் தீர்ந்ததும், 1990 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு அதற்கும் விடை கொடுத்துவிட்டார்கள். தன் உடம்பில் ஒரு பகுதியை மூழ்கடிக்கப்போகும் அணைக்குத் தானே சாமான் சுமந்த ரயிலை உலகத்தில் வேறெங்கும் நாம் கேள்விப்பட்டதில்லை.

தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். பாதையோரத்துச் சிற்றூர்களில் கடைகள் மூடின. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைந்தார்கள். இந்த நிலையில்தான் 1993-இல் அத்தேசத்து இயற்கைப் பாதுகாப்பு இலாகா வெறும் பாதையை ஏற்றுக்கொண்டு, அதைச் சைக்கிள் வழியாக மாற்ற முன்வந்தது. உள்ளூர்க்காரர்களே ஓர் அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டினார்கள். பெருங்கற்களின்மேல் பொடிச் சரளையைப் பரப்பி உருளை ஓட்டினார்கள். பாலங்களுக்குப் பலகையும் கைப்பிடியும் அமைத்தார்கள். 2000-ஆம் வருஷத்தில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது.

நாம் கிளைடில் புறப்பட்டது பிப்ரவரி மாதம். அங்கே அது கோடைகாலம். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே திராட்சைத் தோட்டங்கள் தென்படுகின்றன. ஒயின் என்றதும் நேயர்களில் சிலர் முகம் சுளிப்பது நமக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். வழி நெடுக நாம் அருந்தியது தேநீர்தான். ஆனால் கொடியைப் பார்ப்பதற்கு எந்தச் சாஸ்திரமும் தடை சொல்லவில்லையே! ஜான் தெஸிரே ஃபெரோ என்னும் பிரெஞ்சுக்காரர் தங்கம் தேடி வந்த கூட்டத்தோடு வந்து, 1860-களிலேயே கிளைடுக்கு அருகில் திராட்சை பயிரிட்டார். அவருக்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் அந்தத் தொழிலை யாரும் பெரிதாக எடுத்துச் செய்யவில்லை. 1980-களில்தான் மறுபடியும் தழைத்தது. இன்று பினோ நுவார் என்னும் கறுப்புத் திராட்சைக்கு இந்தப் பிரதேசம் உலகப் பிரசித்தம். தைம் என்ற வாசனைச் செடியைக் கொண்டுவந்தவரும் ஃபெரோதான் என்று சொல்கிறார்கள். அது இப்போது குன்றுகளெல்லாம் காடாய்ப் படர்ந்திருக்கிறது. சைக்கிள் சக்கரம் அதன்மேல் ஏறினால் நம் வீட்டு ஓமத்தை நினைவூட்டும் வாசனை எழுகிறது.

இங்கே மழை வருஷத்துக்குச் சுமார் 350 மில்லிமீட்டர்தான். மேற்கேயுள்ள பெரிய மலைத்தொடர் மேகத்தை மறித்துவிடுகிறது. ஆனால் கொடிக்காரர்களின் பெரிய சத்துரு வறட்சியல்ல, பனி. தளிர் விடும் காலத்தில் ஒரே இரவில் வருஷத்து வெள்ளாமை கருகிப் போய்விடும். அதற்கு அவர்கள் செய்யும் தந்திரம் விசித்திரமானது. நள்ளிரவில் கொடிகளின்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது சிறிது உஷ்ணத்தை வெளிவிடுகிறது. விடியும்வரை தெளிப்பு நிற்காமலிருந்தால், பனிக்கட்டிக்குள்ளேயே தளிர் உயிரோடிருக்கும். தண்ணீர் நின்றால் தளிரும் போயிற்று.

அலெக்சாண்டிரா ஊரைத் தாண்டியதும் திராட்சை மறைந்து, மானுஹெரிகியா நதி கூடவே வருகிறது. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது என்பதற்காக அன்றைய எஞ்சினீயர்கள் மலையை வளைந்து வளைந்து சுற்றினார்கள் அல்லவா? அந்தப் புண்ணியம் இன்று நம் முழங்கால்களுக்குக் கிடைக்கிறது. ஏறுகிறோம் என்பதே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கு எங்கோ கீழே கிடக்கிறது. பூல்பர்ன் என்ற மலையிடுக்கில் 37 மீட்டர் உயரமான பாலம் ஒன்றும், மலையைக் குடைந்த இரண்டு சுரங்கங்களும் இருக்கின்றன. உள்ளே விளக்குக் கிடையாது. கையில் டார்ச்சுடன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். சுவரைத் தொட்டால், உளியும் சம்மட்டியும் பட்ட தடம் விரலில் தட்டுப்படுகிறது.

அன்றிரவு தங்கிய வீட்டு அம்மாள் எழுபது வயதைக் கடந்தவர். பாதை போடும் பேச்சு வந்தபோது தாமும் எதிர்த்ததாக ஒளிக்காமல் சொன்னார்.

"ஊர் தெரியாதவர்கள் வந்து படலைத் திறந்து போட்டுவிட்டால் ஆடெல்லாம் கலந்துவிடுமே என்று பயந்தோம். சைக்கிளில் யார் வரப்போகிறார்கள் என்றும் சிரித்தோம்."

"இப்போது?"

"இப்போது ஆட்டை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் உங்களைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, இன்னொரு தட்டு ரொட்டியை நம் முன்னால் நகர்த்தினார். கம்பளி வெட்டுகிறவர்கள் தூங்கிய கொட்டகைதான் நம்முடைய படுக்கையறை.

மூன்றாம் நாள் 618 மீட்டர் உயரத்திலுள்ள சிகரத்தைத் தாண்டி மானியடோடோ என்னும் பரந்த வெளியில் இறங்கினோம். இறக்கம்தானே என்று மகிழ்ந்தவர்களை எதிர்க்காற்று நன்றாகத் தண்டித்தது. அதைப்பற்றி அதிகம் எழுதினால் நமக்கு மறுபடியும் இடுப்பு வலிக்கும்.

டைரி நதியை அடுத்து ஹைடு என்னும் கிராமத்துக்கு அருகில் பாதையோரத்தில் கல்லால் அடுக்கிய ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1943 ஜூன் 4-ஆம் தேதி, குரோம்வெல்லிலிருந்து டனீடனுக்குப் போன ரயில் அங்கேயுள்ள வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் வந்து தடம் புரண்டது. 21 பேர் மாண்டார்கள். 47 பேர் காயமடைந்தார்கள். எஞ்சின் ஓட்டியவர் மது அருந்தியிருந்தார் என்று விசாரணையில் தெரிந்து, சிறைத் தண்டனை பெற்றார். யுத்த காலமாதலால் தேசத்தின் கவனம் வேறெங்கோ இருந்தது. நினைவுக் கல் எழுப்பியதே ரயில் நின்றுபோன பிறகுதான்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு அங்கே சிறிது நேரம் நின்றோம். வளைவு பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. குழந்தைகூட ஓட்டிக்கொண்டு போய்விடும். அப்படியே ஒரு சிறுமி, தன் தகப்பனாருக்கு முன்னால், மணியை அடித்துக்கொண்டு நம்மைக் கடந்து போனாள். நாமும் ஏறி உட்கார்ந்தோம். மிடில்மார்ச் இன்னும் சிறிது தூரம் இருந்தது. வலப்புறம் மலை, இடப்புறம் நதி, சக்கரத்தின் கீழே சரளை நறநறவென்று பேசிக்கொண்டே வந்தது.